வானத்தில் இருந்ததா, நான் வைத்ததா?

(ஏலூரில் ஒரு ஜனவரி மாலை, நூலகக் கூடத்தில் தமிழ் நண்பர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன் விளக்கை அணைத்துவிட்டு இந்தச் சுவரில் ஒரு படம் காட்டினேன். நடுவில் நீலப் பள்ளம், அதைச் சுற்றிப் பொன்னிற இதழ்கள், ஓரத்தில் செம்பழுப்பு. முன்வரிசையில் ஒரு சிறுமி "செம்பருத்தி" என்றாள். வானியலாளர்கள் அதை ரோஜா ஆக்கி, இந்த விண்வாயு முகிலுக்கு ரோசெட் நெபுலா என்று பெயர் வைத்தார்கள். ஓரையன், அதாவது வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்துக்குக் கிழக்கே இருக்கிறது. தொலைவு சுமார் 5,000 ஒளியாண்டு. வானத்தில் அதன் அகலம் இரண்டு முழு நிலவுக்கும் மேல். அவ்வளவு பெரியதாக இருந்தும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மங்கல்.

இந்தப் படத்தை வானாய்வகங்கள் உள்ள லடாக்கில் எடுக்கவில்லை, காவலூரிலும் எடுக்கவில்லை. இங்கிருந்து நடந்தே போகக்கூடிய என் வீட்டு மொட்டைமாடியில் எடுத்தேன். நம் ஏலூர் வானம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆலை விளக்குகள் விடியும்வரை எரிகின்றன. பெரியாற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவில் இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரம், அந்த ஈரத்தில் விளக்கொளி பட்டுப் பரவி வானமே சாம்பல் நிறக் கூரையாகிவிடுகிறது. நல்ல இரவில்கூட எண்ணிவிடக்கூடிய அளவுக்குத்தான் நட்சத்திரம். அந்தக் கூரையை ஊடுருவி இந்தப் பூ எப்படி வந்தது, வந்ததை நான் என்னவெல்லாம் செய்தேன், செய்ததில் எதெல்லாம் தவறு என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இதை நினைத்தாலே எனக்கு உற்சாகம் வரும். அந்தப் படத்தில் இருப்பது மூன்றே தனிமங்களின் ஒளி: ஹைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம். இந்த ஊர் எதனால் ஊரானது? 1943இல் திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்களின் முயற்சியில் ஃபாக்ட் உர நிறுவனம் தொடங்கியது. 1947இல் உற்பத்தி ஆரம்பம். ஆரம்ப காலத்தில் விறகை எரிவாயுவாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, அம்மோனியா செய்தார்கள். கந்தகத்தை ஆக்சிஜனோடு எரித்துக் கந்தக அமிலம் ஆக்கினார்கள். இரண்டையும் சேர்த்தால் அம்மோனியம் சல்ஃபேட் உரம். தஞ்சாவூர் வயலுக்கும் குட்டநாட்டு வயலுக்கும் பொதுவான சோறு அது. இந்தக் கூடத்தில் இருக்கும் பாதிப் பேர் வாழ்நாள் முழுக்க இந்த மூன்று தனிமங்களோடுதான் வேலை பார்த்திருக்கிறீர்கள். நானும் ஆலை ஆய்வுக்கூடத்தில் இருந்தவன்தான். அதே மூன்றும் 5,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஒளிர்வதைத்தான் இப்போது பார்த்தீர்கள்.

இனி, கூரையை ஊடுருவும் வித்தை. அது புதியதல்ல. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரான்ஸ் நாட்டு வானியலாளர் ஜான்சன் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சன் இருந்தார். கிரகணம் பிடித்ததும் சூரியனின் விளிம்பில் தீநாக்குகள் தெரிந்தன. அவற்றின் ஒளியைப் பட்டகத்தில் பிரித்தபோது வானவில் பட்டை வரவில்லை, தனித்தனியாகச் சில பளிச்சென்ற கோடுகள் வந்தன. கோடு வந்தால் அது ஒளிரும் வாயு. ஜான்சனுக்கு அந்த நொடியில் ஒன்று தோன்றியது: கோடுகள் இவ்வளவு பளிச்சென்று இருந்தால் கிரகணம் இல்லாமலே பார்க்கலாமே! மறுநாள் காலையில் கொளுத்தும் வெயிலில் பார்த்தார். தெரிந்தது.

எப்படித் தெரிந்தது? பகல் வானத்தின் வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. பட்டகத்தில் பிரித்தால் அது நீளமாக விரிந்து, ஒவ்வோர் இடத்திலும் மெலிந்துபோகும். ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு ஒரே நிறம். எவ்வளவு பிரித்தாலும் அது விரியாது, மெலியாது. சந்தைக் கூச்சலுக்கு நடுவே ஒரே சுருதியில் ஊதும் நாதஸ்வரம் காதில் தனியாக விழுவதைப் போல. அந்தச் சிவப்புக் கோட்டின் அலைநீளம் 656.3 நானோமீட்டர். ஹைட்ரஜன்-ஆல்ஃபா என்று பெயர். என் மொட்டைமாடியில் நான் பிடிப்பதும் அதே கோட்டைத்தான்.

குண்டூருக்குப் பிறகு கொடைக்கானல். சூரிய ஆய்வுக்கென்று 1899இல் அங்கே வானாய்வகம் அமைந்தது. 1907இல் அங்கு வந்து சேர்ந்தவர் ஜான் எவர்ஷெட்; 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கிருந்தே கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். அங்கே ஒரு கருவி இருந்தது. சூரிய பிம்பத்தின் ஒரு கீற்றைப் பிளவு ஒன்றின் வழியாக எடுத்து, பிரித்து, இரண்டாவது பிளவின் வழியாக ஒரே ஒரு கோட்டை மட்டும் தகட்டில் விழவைக்கும். பிளவை மெல்ல நகர்த்தினால் கீற்றுக் கீற்றாகச் சூரியன் முழுவதும் ஒரே தனிமத்தின் ஒளியில் பதிவாகிவிடும். கால்சியத்தின் கோட்டில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலிருந்தும், ஹைட்ரஜன்-ஆல்ஃபாவில் 1912 முதலும் அங்கே படம் எடுத்தார்கள். நேரோபேண்ட் என்று இன்று நாம் சொல்லும் குறும்பட்டைப் படம் பழனி மலையில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அன்றாட வேலை. இது எங்கோ வெளிநாட்டில் பிறந்த பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், கொடைக்கானலைச் சொல்லுங்கள். அந்தத் தகடுகளைப் பற்றிக் கடைசியில் திரும்பப் பேசுவேன்.

இன்று இரண்டு பிளவும் வேண்டாம். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு கண்ணாடி, அதாவது ஃபில்டர், போதும். அதன்மேல் மிக மெல்லிய பூச்சுகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். வேண்டிய அலைநீளத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரை நானோமீட்டர் மட்டும் உள்ளே விடும், மற்றதைத் திருப்பி அனுப்பிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் வரை என்று வைத்தால் 300இல் 3. நூற்றில் ஒரு பங்கு. தெருவிளக்கின் ஒளியில் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்குதான் கேமராவுக்குள் போகிறது. நெபுலாவின் ஹைட்ரஜன் ஒளி ஏறக்குறைய முழுவதும் போகிறது.

பழைய மஞ்சள் சோடியம் விளக்கு எங்களுக்குத் தொல்லை குறைவு, அதன் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டியே இருக்கும். வெள்ளை எல்இடி அப்படியில்லை. உள்ளே இருப்பது நீல விளக்கு. அதன்மேல் பூசிய சீரியம் கலந்த பொடி நீலத்தை வாங்கி, பச்சையிலிருந்து சிவப்புவரை பரந்த ஒளியாகத் திருப்பித் தருகிறது. அந்தச் சீரியமும் நமக்கு அந்நியமில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் மோனசைட்டில் அது உண்டு. அந்த மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை 1952இல் இந்தப் பெரியாற்றங்கரையில்தான் வந்தது.

ஆக்சிஜன் கோட்டுக்கு ஒரு கதை உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 1864இல் வானியலாளர் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்தபோது பச்சைப் பகுதியில், பூமியில் எந்தத் தனிமத்திலும் பார்க்காத கோடுகள் தெரிந்தன. நெபுலியம் என்று ஒரு புதுத் தனிமத்தையே ஊகித்தார்கள். அறுபதாண்டுக்கு மேல் அந்த ஊகம் நின்றது. 1927இல் இயற்பியலாளர் ஐரா போவன் அதைக் கலைத்தார். அது இரண்டு எலக்ட்ரானை இழந்த சாதாரண ஆக்சிஜன். அலைநீளம் 500.7. பூமியில் அது தெரியாததற்குக் காரணம் நெருக்கடி. கிளர்ச்சியடைந்த அந்த அணு ஒளியை உமிழ அரை நிமிடத்துக்கு மேல் தொந்தரவின்றி இருக்க வேண்டும். நம் காற்றில் அதற்குள் கோடிக்கணக்கான முறை மற்ற அணுக்கள் வந்து இடித்துவிடும். நெபுலாவில் அணுவுக்கு அணு அவ்வளவு தூரம் என்பதால் நிம்மதியாகக் காத்திருந்து ஒளிர்கிறது. கந்தகத்தின் கோடுகளும், 671.6, 673.1, அதே வகை.

படம் எடுப்பதை வேகமாகத் தாண்டுகிறேன், ஏனென்றால் என் உயிரை வாங்கியது அதற்குப் பிறகு வந்த வேலை. நாம் இருப்பது வடக்கே 10 டிகிரியில். ஆகவே துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். என் வீட்டிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தென்னை மட்டைக்குப் பின்னால். தொலைநோக்கியின் தாங்கியைத் துருவத்துக்கு நேர்செய்ய வேறு வழிகளைக் கற்க வேண்டியிருந்தது. பனியும் ஈரமும் லென்ஸில் படியாமல் சூடேற்றும் பட்டை ஒன்று சுற்றினேன். மழைக்காலம் இரண்டும் போக, டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் நமக்குப் பருவம். அந்தப் பருவத்தில் ரோசெட் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. ஐரோப்பாவில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. வானம் மோசமென்றாலும் காற்றின் மிக மெல்லிய பகுதியின் வழியாகப் பார்க்கும் பாக்கியம் நமக்கு.

ஒவ்வொரு படமும் 5 நிமிடம். ஹைட்ரஜனில் 48, ஆக்சிஜனில் 72, கந்தகத்தில் 72. மொத்தம் 16 மணி நேரம், ஒரு ஜனவரியின் பதினோரு இரவுகள்.

சரி. பதினோராவது இரவு முடிந்து, கணினியில் முதல் படத்தைத் திறந்தேன். கறுப்பு. முழுக் கறுப்பு. கேமரா கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். இங்கேதான் செயலாக்கம் என்ற கலையின் முதல் பாடம் இருக்கிறது. கேமரா 0 முதல் 65,535 வரை எண்களைப் பதிகிறது. நெபுலாவின் ஒளி அந்த ஏணியின் கீழ்ப் படிகள் சிலவற்றில் மட்டுமே நெருக்கியடித்து நிற்கிறது. மேலே உள்ள படிகள் நட்சத்திரங்களுக்கு. நம் கண் அந்தக் கீழ்ப் படிகளைக் கறுப்பு என்று வாசிக்கிறது. அவற்றை விரித்து மேலே கொண்டுவருவதற்குத்தான் ஸ்ட்ரெச் என்று பெயர். சுருக்கம் விழுந்த வேட்டியை நீவி விடுவது மாதிரி. எல்லாரும் உடனே நீவிவிட ஆசைப்படுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு மாதம் வீணாயிற்று.

நீவுவதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதெல்லாம் எண்கள் நேர்விகிதத்தில் இருக்கும்போதே, அதாவது இரண்டு மடங்கு ஒளிக்கு இரண்டு மடங்கு எண் என்ற ஒழுங்கு குலையாமல் இருக்கும்போதே, நடக்க வேண்டும்.

முதலில் கேமராவின் பொய்களைக் களைய வேண்டும். ஆலை ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. மாதிரியைச் சோதிக்கும் முன் வெற்று மாதிரி ஒன்றைச் சோதிப்போமே, அதேதான். கேமராவின் வாயை மூடிவிட்டு, அதே 5 நிமிடம், அதே வெப்பநிலையில் எடுப்பது டார்க். ஒளியே இல்லாதபோதும் வெப்பத்தால் சில்லு தானாகப் பதியும் எண்கள் அதில் இருக்கும். நம் ஊர் ஜனவரி இரவிலும் 24, 25 டிகிரி. ஏறத்தாழ ஆறேழு டிகிரி ஏறும்போதெல்லாம் இந்தப் பொய் ஒளி இருமடங்காகும். அதனால்தான் சில்லைப் பூச்சியத்துக்குக் கீழே குளிர்விக்கும் கேமராவை நாடினேன். டார்க்கை ஒவ்வொரு படத்திலிருந்தும் கழித்துவிட வேண்டும்.

அடுத்தது ஃபிளாட். தொலைநோக்கியின் வாயில் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டி, விடியற்கால வானத்தை நோக்கி எடுப்பது. லென்ஸின் ஓரம் நடுவைவிட இருண்டிருக்கும். ஃபில்டரில் உள்ள தூசி வட்ட வட்டமாக நிழல் போடும். அதெல்லாம் ஃபிளாட்டில் பதிவாகும். படத்தை அதைக்கொண்டு வகுத்தால் மறைந்துவிடும். முதல் பருவத்தில் சோம்பலால் நான் ஃபிளாட் எடுக்கவில்லை. ஓரம் இருண்டு, நடுவில் மூன்று தூசி வளையங்களோடு வந்த படத்தைக் கையால் திருத்த மூன்று வாரம் உட்கார்ந்தேன். தூசியைத் துடைத்த இடத்தில் நெபுலாவும் சேர்ந்து போயிற்று. காலையில் எழுந்து பத்து நிமிடம் வேட்டி கட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். இதைக் கேட்கும் இளைஞர்கள் வேறு எதை மறந்தாலும் ஃபிளாட்டை மறக்காதீர்கள். அதே இரவு, அதே குவியம், கேமராவைத் திருப்பாமல் எடுங்கள்.

பிறகு அடுக்குதல். 72 படங்களையும் நட்சத்திரத்தின்மேல் நட்சத்திரம் பொருந்த வைத்துச் சராசரி எடுப்பது. நெபுலாவின் ஒளி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். இரைச்சல் ஒவ்வொன்றிலும் வேறு வேறு விதமாக இருப்பதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு குறையும். ஆனால் இதில் ஒரு கறாரான கணக்கு உண்டு. தெளிவு இரு மடங்காக வேண்டுமென்றால் படங்கள் நான்கு மடங்கு வேண்டும். நான்கு மடங்கு தெளிவுக்குப் பதினாறு மடங்கு. இதைக் குறுக்குவழியில் தாண்ட முடியாது. நெடும்பாசேரியில் இறங்கும் விமானங்கள் என் படத்தின் குறுக்கே கோடு போட்டுக்கொண்டே போகும். அவற்றைப் பார்த்து முதலில் அழுகையே வந்தது. அடுக்கும்போது, மற்ற 71 படங்களோடு ஒத்துப்போகாத எண்ணைத் தள்ளிவிடு என்று சொன்னால் விமானமும் செயற்கைக்கோளும் தடயமில்லாமல் போய்விடும். இதையெல்லாம் செய்ய சிரில் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பிக்ஸ்இன்சைட் என்ற காசு கொடுத்து வாங்குவதும் உண்டு. நான் சிரிலில்தான் கற்றேன், ஆரம்பிக்கிறவர்களுக்கு அதுவே தாராளம்.

மூன்று தனிமங்களுக்கும் இப்படி மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் கைக்கு வரும். அப்போதும் வானத்தின் ஒரு பக்கம், ஆலைகள் இருக்கும் பக்கம், கொஞ்சம் வெளுத்திருக்கும். அதை நீக்க மென்பொருள் ஒரு வழி தருகிறது: நெபுலா இல்லாத வெற்று வானத்தில் புள்ளிகள் வையுங்கள், அவற்றைக்கொண்டு சரிவைக் கணக்கிட்டுக் கழித்துவிடுகிறேன் என்கிறது. ரோசெட்டில் வெற்று வானம் எங்கே? என் படத்தின் மூலைவரை அது மங்கலாகப் பரவியிருக்கிறது. தானியங்கியாக விட்டேன். அது நெபுலாவின் வெளி இதழ்களையே விளக்கொளி என்று எண்ணிச் சுரண்டி எடுத்துவிட்டது. படம் சுத்தமாக, அழகாக வந்தது, அதுதான் ஆபத்து. கழித்ததைத் தனிப்படமாகக் காட்டும் வசதி மென்பொருளில் உண்டு. அதைத் திறந்து பார்த்தால் உள்ளே பூவின் உருவம் அப்படியே இருந்தது! அன்றிலிருந்து எந்தப் படியிலும், எஞ்சியதைப் பார்ப்பதற்கு முன் கழித்ததைப் பார்க்கும் பழக்கம் வந்தது. இப்போது மூலைக்கு ஒன்றாக நான்கே புள்ளிகள் வைத்து, சாய்ந்த பலகை போன்ற எளிய சரிவை மட்டும் கழிக்கிறேன்.

இனி நிறம். பலரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: உண்மையிலேயே அந்த நிறத்தில்தான் இருக்கிறதா?

இல்லை. 1995 ஏப்ரல் 1 அன்று ஹபிள் தொலைநோக்கியால் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் கழுகு நெபுலாவை எடுத்தார்கள். படைப்பின் தூண்கள் என்று உலகம் முழுக்கப் புகழ்பெற்ற படம். கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று வைத்தார்கள். ஹைட்ரஜனின் உண்மை நிறம் சிவப்பு. கந்தகத்தின் நிறமும் சிவப்பு. இரண்டுக்கும் இடையே 15 நானோமீட்டர்தான் வேறுபாடு, நம் கண்ணால் பிரிக்கவே முடியாது. உள்ளபடி நிறம் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து, வாயு எங்கே எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி தொலைந்துவிடும். அதனால் அலைநீள வரிசையை அப்படியே வைத்து, நீளமானதற்குச் சிவப்பு, நடுவுக்குப் பச்சை, குறுகியதற்கு நீலம் என்று அகலப்படுத்தினார்கள். நானும் அதே முறையில்தான் நிறம் கொடுக்கிறேன். தேசப்படத்தில் கேரளத்துக்குப் பச்சை, தமிழ்நாட்டுக்கு மஞ்சள் பூசினால் எல்லை தெரிகிறதே, அது பொய்யாகுமா? விளக்கக் குறிப்பு ஓரத்தில் இருக்கும்வரை ஆகாது. என் படத்தின் கீழே எப்போதும் எந்தத் தனிமத்துக்கு எந்த நிறம் என்று எழுதிவைக்கிறேன். எழுதாமல் காட்டுவது தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றையும் அப்படியே சேர்த்தால் படம் பாசி படிந்த குளம் மாதிரிப் பச்சையாக வரும், ஏனென்றால் ஹைட்ரஜன் மற்ற இரண்டையும்விட மிக அதிகம். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக நீவி, ஏறத்தாழ ஒரே பிரகாசத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பொன்னும் நீலமும் பிரிகின்றன. இங்கே ஒரு எச்சரிக்கை. மங்கலாக இருந்த கந்தகத்தை நான் தூக்கிவிட்டிருக்கிறேன். இந்தப் படத்தின் பொன்னிறத்தை வைத்துக் கந்தகம் எவ்வளவு என்று யாரும் அளக்கக் கூடாது. எங்கே இருக்கிறது என்று சொல்லலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது. நட்சத்திரங்கள் மூன்று ஃபில்டரிலும் ஏறத்தாழ ஒரே அளவில் விழுவதால், சிவப்பையும் நீலத்தையும் தூக்கியதும் அவை கத்தரிப்பூ நிறமாகிவிடும். அதனால் பலரும் நட்சத்திரங்களை முதலிலேயே பிரித்து எடுத்துவிட்டு, நெபுலாவை மட்டும் வேலை செய்து, கடைசியில் திரும்பச் சேர்ப்பார்கள். நரம்பியல் வலை முறையில் பயிற்சி பெற்ற மென்பொருள் அதை ஒரு நிமிடத்தில் செய்துவிடுகிறது. நானும் செய்தேன்.

அதில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

ஆக்சிஜன் படத்தில் நட்சத்திரங்களை நீக்கியபின், நீல ஒளியை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீவிக்கொண்டே போனேன். ரோசெட்டின் ஓரத்தில் அழகான நீல வளையம் ஒன்று எழுந்து வந்தது. இறக்கும் நட்சத்திரம் ஊதிய குமிழி போல. யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டேன் என்று இரவு தூக்கமில்லை. மறுநாள் அச்செடுத்து, ஆலையில் கருவிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற திருச்சிக்காரப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வாசலில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டு, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இந்த வளையம் வானத்துல இருந்துச்சா, நீங்க வெச்சீங்களா?"

"நான் ஒண்ணும் வரையலைங்க ஐயா" என்றேன்.

"வரைஞ்சீங்கன்னு சொல்லலை. முதல்ல வந்த படத்துல காட்டுங்க."

வீட்டுக்குப் போய் 72 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். வளையம் இருந்தது, எல்லாவற்றிலும் மிக மங்கலாக. சந்தோஷப்பட்டேன். பிறகு கவனித்தேன். ரோசெட் உச்சியைக் கடந்தபின் தொலைநோக்கி தாங்கியின் மறுபக்கம் புரண்டு வரும்; கேமரா வானத்தைத் தலைகீழாகப் பார்க்கும். அந்தப் புரட்டலுக்கு முன் எடுத்த படங்களில் வளையம் ஒரு பிரகாசமான நட்சத்திரத்துக்குச் சற்று மேற்கே இருந்தது. பின் எடுத்தவற்றில் சற்றுக் கிழக்கே. வானத்தில் இருக்கும் பொருள் நான் தொலைநோக்கியைத் திருப்பினால் இடம் மாறாது. அது அந்த நட்சத்திரத்தின் ஒளி ஃபில்டருக்கும் சில்லுக்கும் நடுவே பட்டுத் தெறித்த பிரதிபலிப்பு. நட்சத்திரத்தை மென்பொருள் கச்சிதமாகத் துடைத்துவிட்டது, அதன் பிரதிபலிப்பை விட்டுவிட்டது. தாய் இல்லாத குழந்தை தனி ஆளாகத் தெரிந்தது.

நான் வரையவில்லை என்று சொன்னது உண்மை. இருந்தும் அந்த வளையத்தை வானத்தில் வைத்தது நான்தான்: நட்சத்திரத்தை எடுத்ததும், நீலத்தை நீவியதும் என் கை. பெரியவரிடம் போய்ச் சொன்னேன். காப்பி போடச் சொன்னார். அவ்வளவுதான். அவர் இன்று நம்மிடையே இல்லை, ஆனால் மௌஸைப் பிடிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி காதில் விழுகிறது.

இப்போது எனக்கு ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. ரோசெட்டின் உள்ளே வரிசையாகக் கறுப்புத் துளிகள் தெரியும், மிளகு சிந்தியது போல. தூசியும் குளிர்ந்த வாயுவும் திரண்ட சிறு முகில்கள். அவற்றை 1940களில் கவனப்படுத்திய பார்ட் போக்கின் பெயரால் போக் குளோபியூல் என்கிறார்கள். சென்னையில் பிறந்த நம் வைணு பாப்பு, ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது 1949இல் ஒரு வால்மீனைக் கண்டாரே, பாப்பு–போக்–நியூகிர்க் என்ற அந்தப் பெயரில் நடுவில் இருப்பவர் இவர்தான். பின்னாளில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கிய அதே பாப்பு. இந்தத் துளிகள் என் படத்தில் சில பிக்சல் அகலமே. இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு அது அழுக்கா, முகிலா என்று தெரியாது. கொஞ்சம் வேகமாக ஓட்டினால் வழித்துவிடும், கூர்மையாக்கினால் இல்லாத துளிகளையும் பிறப்பிக்கும். ஒவ்வொரு படி முடிந்ததும் துளிகளை எண்ணுகிறேன். அடுக்கிய படத்தில் இருந்த எண்ணிக்கையே இருந்தால் அடுத்த படி. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் திரும்பிப் போகிறேன். இன்று சுவரில் பார்த்த படம் பளபளப்பில் சற்றுக் குறைவாகத் தோன்றியிருக்கலாம். அந்த இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன்.

கொடைக்கானல் தகடுகளுக்குத் திரும்புகிறேன் என்று சொன்னேன். எவர்ஷெட் காலத்தவர்கள் நாள்தோறும், மேகம் இல்லாத நாளெல்லாம், சூரியனை ஒரே கோட்டில் எடுத்து, கண்ணாடித் தகட்டில் கழுவி, தேதி எழுதி, அடுக்கி வைத்தார்கள். யாரும் அழகுபடுத்தவில்லை. நூறு ஆண்டு கழித்து இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றை எண்மமாக்கியது. சூரியனின் செயல்பாடு ஒரு நூற்றாண்டில் எப்படி ஏறி இறங்கியது என்பதை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் இன்று அவற்றிலிருந்து அளக்கிறார்கள். எடுத்தவர்களுக்குக் கணினி என்ற சொல்லே தெரியாது. அந்தத் தகடுகளை அன்றைய ரசனைக்கு ஏற்பத் திருத்தியிருந்தால் இன்று அளக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அதனால் என்னிடம் 192 மூலப் படங்களும், டார்க்கும், வேட்டி கட்டி எடுத்த ஃபிளாட்டும், இரவின் தேதியோடு இரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன. செயலாக்கிய படத்தை இதுவரை ஏழு முறை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்திருக்கிறேன். எட்டாவது முறையும் செய்வேன். ஒவ்வொரு முறையும் ஒரு தவறு குறைகிறது. மூலம் இருப்பதால் அது முடிகிறது.

அடுக்கிய மூன்று படங்களும், ஹைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம், நீவாமல், நிறம் சேர்க்காமல், அந்த மேசைமேல் லேப்டாப்பில் இருக்கின்றன. பென் டிரைவ் கொண்டுவந்தவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்தால் கறுப்பாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். நீல வளையமும் உள்ளே இருக்கிறது. நான் எடுக்கவில்லை, தேடிப் பாருங்கள். நீங்கள் செய்த படத்தை ஒரு மாதம் கழித்து இங்கே கொண்டுவாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துளிகளை எண்ணுவோம்.

இன்று மேகம் இல்லை. ஒன்பது மணிக்கு ரோசெட் நன்றாக மேலே ஏறியிருக்கும். வர விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், தொலைநோக்கி தயாராக நிற்கிறது. மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல ஏறுங்கள். தளம் பழையது, அதிர்ந்தால் நட்சத்திரம் கோடாகிவிடும்.